பத்துப் பங்கு ஒரு பங்கானால்

தேயிலைக்கும் பங்குச் சந்தைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த பின்னர், மலைநாட்டின் சரிவுகளில் தேயிலை பரவியது. காட்டை வெட்டிக் கன்று நட்டு, தொழிற்சாலை எழுப்பி, முதற் கொழுந்து கைக்கு வரும்வரை காத்திருப்பதற்குப் பெரும் பணம் வேண்டியிருந்தது. தனியொருவர் தாங்கொணாத அச்செலவைப் பலர் பகிர்ந்துகொள்வதற்குக் கண்ட வழியே கூட்டுப் பங்குக் கம்பனி. அத்தகைய கம்பனிகளின் பங்குகளை வாங்கவும் விற்கவும் 1896-இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. ஆகவே இந்நாட்டின் பங்குச் சந்தை மலையிலே பிறந்து கொழும்பிலே வளர்ந்த குழந்தை என்று கூறினால் அது மிகையாகாது.

ஆயினும், அக்கரப்பத்தனையிலும் டயகமவிலும் கொழுந்து கிள்ளிய கைகளுக்கும் அப்பங்குகளுக்கும் நெடுங்காலம் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. இலாபம் இலண்டனுக்கும் கொழும்புக்கும் சென்றது. கூலி மட்டுமே லயத்துக்கு வந்தது. 1972-ஆம், 1975-ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அரசாங்கம் அவற்றைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுத்து, நிலத்தைத் தன் உடைமையாகவே வைத்துக்கொண்டு, 53 ஆண்டுக் குத்தகையில் ஒப்படைத்தது. 1990-களின் நடுப்பகுதி தொடங்கி இக்கம்பனிகள் தனியார் கைக்கு மாறியபொழுது, பங்குகளில் 51 சதவீதம் நிருவாகத்தை ஏற்ற முதலீட்டாளருக்கு விற்கப்பட்டது. 10 சதவீதம் தோட்ட ஊழியர்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. அன்றுதான், கொழுந்துக் கூடை சுமந்தவர் கம்பனியின் உடைமையிலும் ஒரு சிறு கூறு பெற்றார். அக்கரப்பத்தனையின் பெயரையே தாங்கிய ஒரு கம்பனியின் பங்குகளும் இன்று கொழும்புப் பங்குச் சந்தையில் கைமாறுகின்றன.

பங்கு கைக்கு வந்தது. பங்கைப் பற்றிய அறிவு அதனோடு சேர்ந்து வந்ததா என்பது வேறு கேள்வி. பங்கிலாபம் வரும்பொழுது அதை விளக்கிச் சொல்ல எவரும் தேவையில்லை. ஆனால் கம்பனியிலிருந்து ஒருநாள் தடித்த உறையொன்று வந்து, 'உங்கள் பத்துப் பங்குகள் இனி ஒரு பங்காக ஒருங்கிணைக்கப்படும்' என்றோ, 'கம்பனியின் மூலதனம் குறைக்கப்படும்' என்றோ அறிவித்தால், அதனைப் பெற்றவர் திகைப்பது இயல்பு. 'ஆயிரம் பங்கு நூறாகிவிட்டதே, ஒன்பது பங்கை விழுங்கிவிட்டார்களே!' என்று சிலர் அஞ்சுவர். 'ஐம்பது சதத்துக்கு விற்ற பங்கு ஐந்து ரூபா ஆகிவிட்டது, பத்து மடங்கு இலாபம்!' என்று வேறு சிலர் மகிழ்வர். அந்த அச்சமும் பிழை. அந்த மகிழ்ச்சியும் பிழை. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதைப் பகுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம். இங்கு நான் கூறப்போகும் கணக்குகள் விளக்கத்துக்காகக் கற்பித்தவை. எந்தவொரு கம்பனியையும் சுட்டிச் சொல்பவை அல்ல.

முதலில், பங்கு என்பது யாது? அது பணமன்று, ஒரு பொருளின் கூறு. ஒரு கிலோ தேயிலையை நூறு கிராம் கொண்ட பத்துப் பொட்டலங்களாகவும் கட்டலாம். ஒரே பொட்டலமாகவும் கட்டலாம். பொட்டலங்களின் எண்ணிக்கை மாறுவதனால் தேயிலையின் நிறை மாறுவதில்லை. அதுபோலவே ஒரு கம்பனியின் உடைமை முழுவதையும் பத்துக் கோடிக் கூறுகளாக வகுத்தாலும், ஒரு கோடிக் கூறுகளாக வகுத்தாலும், அவ்வுடைமை ஒன்றேதான். பத்துக் கோடியில் ஆயிரம் பங்கு வைத்திருந்தவரும், ஒரு கோடியில் நூறு பங்கு வைத்திருப்பவரும் கம்பனியின் லட்சத்தில் ஒரு கூற்றுக்கே உரியவர். 'என்னிடம் எத்தனை பங்கு உண்டு?' என்பது அரைக் கேள்வி. 'மொத்தத்தில் எத்தனை பங்கு உண்டு?' என்பதையும் சேர்த்தாலன்றி அக்கேள்வி முழுமை பெறாது.

எண்ணிக்கையைவிட உரிமையே பெரிது என்பதற்குப் பெருந்தோட்டக் கம்பனிகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவற்றில் 'பொன் பங்கு' எனப்படும் ஒரேயொரு பங்கைத் திறைசேரியின் செயலாளர் அரசாங்கத்தின் சார்பில் வைத்திருக்கிறார். எண்ணிக்கையில் அது ஒன்றுதான். ஆயினும் குத்தகை நிலம் சம்பந்தமான முக்கிய கருமங்களில் அந்த ஒரு பங்கின் இசைவு வேண்டும். ஒரு பங்குக்குப் பின்னால் எத்தகைய உரிமை நிற்கிறது என்பதே அதன் கனம்.

இனி, பங்கு ஒருங்கிணைப்பை எடுத்துக்கொள்வோம். பங்கின் விலை மிகத் தாழ்ந்து, சதக் கணக்கில் விற்கும் பங்குகளைச் சதப் பங்கு என்று அழைக்கலாம். கொழும்புச் சந்தையில் தாழ்ந்த விலையுள்ள பங்குகளின் விலை 10 சதம் 10 சதமாகவே ஏறும், இறங்கும். 100 ரூபா விலையுள்ள பங்குக்குப் 10 சதம் ஒரு பொருட்டன்று. 50 சதம் விலையுள்ள பங்குக்கோ, ஒரு படி ஏறினால் 60 சதம். ஒரு படி இறங்கினால் 40 சதம். அதாவது, ஒரே படியில் விலையின் ஐந்திலொரு பகுதி கூடுகிறது அல்லது குறைகிறது. வாங்குபவர் 60 சதம் கொடுத்து வாங்கி, அடுத்த நிமிடமே விற்க நேர்ந்தால், 50 சதமே கிடைக்கும். கம்பனியில் எதுவும் நிகழாமலே வாங்கியவர் நட்டமடைகிறார். இத்தகைய பங்குகள் சூதாட்டக்காரரை ஈர்ப்பதற்கும், பொறுமையான முதலீட்டாளரை விரட்டுவதற்கும் இதுவே ஒரு காரணம். பத்துப் பங்கை ஒன்றாக்கி விலை 5 ரூபா ஆகிவிட்டால், அதே 10 சதப் படி விலையில் நூற்றுக்கு இரண்டு மட்டுமே. ஆதலால், ஒருங்கிணைப்புக்கு நேர்மையான காரணம் இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

பெரிய கம்பனிகளும் இதனைச் செய்ததுண்டு. அமெரிக்காவின் சிட்டி குரூப் என்னும் மாபெரும் வங்கி நிறுவனம், 2008-ஆம் ஆண்டு நெருக்கடியில் நொடிந்து, அளவிறந்த புதிய பங்குகளை வெளியிட்டுப் பிழைத்தது. அதன் பங்குகள் ஏறத்தாழ 2,900 கோடியாகப் பெருகி, விலை ஐந்து டாலருக்குக் கீழே நின்றது. 2011 மே மாதத்தில் பத்துப் பங்குகளை ஒன்றாக்கியபொழுது, பங்குகள் 290 கோடியாகச் சுருங்கின. விலை 45 டாலர் அளவில் நின்றது. அன்று காலையில் அப்பங்குகளை வைத்திருந்தவர் எவரும் செல்வந்தராகவுமில்லை, வறியவராகவுமில்லை. உண்மையான நட்டம், நெருக்கடியின்போது புதிய பங்குகள் குவிந்த நாட்களிலேயே நேர்ந்துவிட்டது. ஒருங்கிணைப்பு அந்த நட்டத்தை ஆற்றவுமில்லை, அதிகமாக்கவுமில்லை.

சிங்கப்பூரின் அனுபவம் இதனினும் பயன் தருவது. அங்குள்ள பங்குச் சந்தை, முதன்மைப் பட்டியலிலுள்ள பங்குகள் 20 சதத்துக்குக் கீழே விற்கலாகாது என்று 2015 மார்ச் மாதத்தில் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. சதப் பங்குகளில் நடக்கும் சூழ்ச்சிகளைத் தடுப்பதே அதன் நோக்கம். கம்பனிகள் பல தங்கள் பங்குகளை ஒருங்கிணைத்து, விலையை அவ்வரம்புக்கு மேலே தூக்கி நிறுத்தின. எனினும் பங்கைச் சுருக்கிய அளவில் தொழில் சிறப்பதில்லை அன்றோ? ஐந்தே ஆண்டுகளில், 2020 ஜூன் மாதத்தில், சந்தை அவ்விதியை நீக்கிவிட்டது. நிறை குறைந்த கொழுந்தைப் பெரிய சாக்கில் இட்டால் தராசு ஏமாறுவதில்லை.

அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலும் ஒரு டாலருக்குக் கீழே தொடர்ந்து விற்கும் பங்கு நீக்கப்படும் என்ற விதி உண்டு. இதிலிருந்து தப்பும் பொருட்டுச் சில கம்பனிகள் பங்கை ஒருங்கிணைப்பதும், பின்னர் புதிய பங்குகளை வெளியிடுவதும், விலை விழுந்ததும் மறுபடி ஒருங்கிணைப்பதுமாகக் காலம் கழித்தன. இதனைக் கண்ட அச்சந்தை, இரண்டு ஆண்டுகளுக்குள் மொத்தத்தில் 250 பங்கை ஒன்றாக்கும் அளவுக்குச் சுருக்கிய கம்பனி மறுபடியும் விலை வீழ்ந்தால் அதற்குத் தவணை தரப்படமாட்டாது என்று 2020-இல் விதியை இறுக்கியது. ஆகவே, ஒரு முறை ஒருங்கிணைப்பது வைத்தியம் ஆகலாம். அடிக்கடி ஒருங்கிணைப்பது நோயின் அடையாளம்.

அப்படியாயின், ஒருங்கிணைப்பில் சிறு பங்குதாரர் கவனிக்க வேண்டியவை யாவை? இரண்டு உண்டு. ஒன்று, உதிரிப் பங்கு. ஒரு தொழிலாளியிடம் 257 பங்குகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவருக்கு 25 புதிய பங்குகள் கிடைக்கும். ஏழு பழைய பங்குகள் எஞ்சும். ஏழைக் கொண்டு ஒரு பங்கு ஆக்க முடியாது. இவ்வாறு எல்லோரிடமும் எஞ்சும் உதிரிகளைக் கம்பனி ஒன்றுசேர்த்து விற்று, பணத்தை உரியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். தருமத்துக்கு வழங்கிவிடுவதும் உண்டு. ஏழு பங்கு சிறு தொகையே. ஆனால் விகிதம் பத்துக்கு ஒன்று என்றிராமல் ஆயிரத்துக்கு ஒன்று என்றிருந்தால், அந்த 257 பங்குகளும் உதிரியாகிவிடும். அவருடைய பெயரே பங்குதாரர் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். பெரியவரின் கையில் ஒருங்கிணைப்பு என்பது, சிறியவரை வாசலுக்கு வெளியே அனுப்பும் கருவியாகவும் அமையக்கூடும். எனவே விகிதத்தைப் படித்தவுடன், 'என் பங்குகளை அவ்விகிதத்தால் வகுத்தால் மிச்சம் எவ்வளவு? மிச்சத்துக்கு என்ன விலை? அப்பணம் யாருக்கு?' என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்று, பின்னால் வரும் புதிய வெளியீடு. இதுவே மிகுதியும் கவனிக்கத்தக்கது. ஒருங்கிணைப்பினால் பத்துக் கோடிப் பங்கு ஒரு கோடியாயிற்று. உம்முடைய ஆயிரம் நூறாயிற்று. உமது கூறு மாறவில்லை. ஆனால் அடுத்த ஆண்டில் கம்பனி இன்னும் ஒரு கோடிப் புதிய பங்குகளை மலிவான விலைக்கு வேறொருவருக்கு வழங்கினால், மொத்தம் இரண்டு கோடியாகும். உம்மிடம் இருப்பதோ அதே நூறு. உமது கூறு பாதியாகிவிட்டது. பாலில் தண்ணீர் கலந்தால் சொம்பு நிறையும், சத்துக் குறையும். புதிய பங்கை ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கே அவரவர் விகிதப்படி கொடுப்பதை உரிமைப் பங்கு வெளியீடு என்பர். அதில் பணம் கட்ட இயலாதவரும், சந்தையில் அவ்வுரிமையை விற்றுப் பயன் பெறலாம். கடிதம் வந்ததை அறியாமல் தவணையைக் கடக்கவிட்டால், உரிமையும் போய்விடும், கூறும் குறைந்துவிடும்.

இனி, மூலதனக் குறைப்பு. ஒருங்கிணைப்பில் எண்ணிக்கை மட்டுமே மாறுகிறது. மூலதனக் குறைப்பில் கணக்கேடு மாறுகிறது. மலையகத்தாருக்கு இதனை விளக்க வெளியே எங்கும் உவமை தேட வேண்டியதில்லை, கவ்வாத்து இருக்கிறது.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டிய நாளில் மலை மொட்டையாகத் தோன்றும். பார்ப்பவர் தோட்டம் அழிந்தது என்று எண்ணுவர். ஆனால் வேரில் மாச்சத்துச் சேமிப்பு இருந்தால் செடி புதுத் துளிர் விட்டுச் செழிக்கும். சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் அது பட்டுப்போகும். அதனால்தான், கவ்வாத்துக்கு முன் வேர்த்துண்டில் அயடீன் இட்டுப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. மாச்சத்து இருந்தால் வேர் கருநீலமாகும்; இல்லையேல் நிறம் ஏறாது. மூலதனக் குறைப்பும் ஒரு கவ்வாத்தே. வெட்டுவதா வேண்டாமா என்பது, வேரைச் சோதித்த பின்னர் தீர்மானிக்க வேண்டிய கருமம்.

ஒரு கணக்கால் இதனைத் தெளிவுறுத்துவோம். ஒரு கம்பனி பங்குதாரரிடமிருந்து 50 கோடி ரூபா திரட்டியது. அதனைச் சட்டம் கூறப்பட்ட மூலதனம் என்கிறது. பல ஆண்டுகளில் 30 கோடி நட்டம் சேர்ந்துவிட்டது. கடன்கள் யாவும் போக இன்று மிஞ்சும் சொத்து 20 கோடியே. ஆனால் ஏட்டிலோ மூலதனம் 50 கோடி என்றே நிற்கிறது. இலங்கையின் 2007-ஆம் ஆண்டு 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கிலாபம் கொடுப்பதற்கு முன் கம்பனி கடன் தீர்க்கும் வலிமைச் சோதனையில் தேற வேண்டும். வழக்கமான தொழில் நடப்பில் கடன்களை உரிய காலத்தில் செலுத்தத்தக்க நிலை இருத்தல் வேண்டும். அன்றியும், சொத்தின் பெறுமதி கடன்களும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையை விஞ்சுதல் வேண்டும். நமது கம்பனி இவ்வாண்டு 2 கோடி இலாபம் ஈட்டினாலும் பங்கிலாபம் தர இயலாது. மேலும் 30 கோடி ஈட்டும்வரை பங்குதாரர் காத்திருக்க வேண்டும். அதுமட்டுமன்று. தேறிய சொத்து, மூலதனத்தின் பாதிக்கும் கீழே போனால், பணிப்பாளர் சபை பங்குதாரரின் விசேட கூட்டத்தைக் கூட்டி நிலைமையை விளக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கட்டளையிடுகிறது. ஐம்பதின் பாதி இருபத்தைந்து. கம்பனியிடம் இருப்பதோ இருபது.

இந்நிலையில் கம்பனி, 'மூலதனத்தை 50 கோடியிலிருந்து 20 கோடியாகக் குறைத்து, 30 கோடி நட்டத்தை நீக்கிவிடுவோம்' என்று முன்மொழிகிறது. இதனால் ஒரு சதம்கூடக் கம்பனியைவிட்டு வெளியே போகவில்லை; ஒரு செடி, ஒரு யந்திரம் குறையவில்லை. போன பணம் போய்விட்டது என்ற உண்மையை ஏடு ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவே. அடுத்த ஆண்டு முதல் ஈட்டும் இலாபத்தைப் பகிர வழி பிறக்கிறது. ஆனால் இங்கேதான் அயடீன் சோதனை வேண்டும். தொழில் உண்மையாகவே தேறி இலாபம் வரத் தொடங்கியிருந்தால் இக்கவ்வாத்து நன்று. நட்டம் ஆண்டுதோறும் தொடர்ந்துகொண்டேயிருந்தால், ஏட்டைத் துடைப்பதனால் ஆவது ஒன்றுமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே கறை மறுபடியும் படிந்துவிடும்.

முன்னாளில் பங்கின் முகத்தில் '10 ரூபா' என்று ஒரு விலை அச்சிட்டிருந்தது. அந்த முகப்பு விலை முறையை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் ஒழித்துவிட்டது. ஆகவே பழைய பத்திரத்தில் உள்ள பத்து ரூபாவைப் பார்த்து, 'பத்து ரூபாவுக்குக் குறையாமல் கம்பனி தந்தாக வேண்டும்' என்று எண்ணுதல் தவறு. இந்தியாவில் முகப்பு விலை இன்றும் உண்டு. அங்கே மூலதனத்தைக் குறைப்பதற்குத் தேசியக் கம்பனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். இலங்கையிலும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தின் உறுதிப்பாடு வேண்டியிருந்தது. 2007-க்குப் பின் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. பங்குதாரரின் விசேட தீர்மானமும், தீர்மானத்துக்கு 60 நாட்களுக்குக் குறையாமல் முன்னதாகப் பகிரங்க அறிவித்தலும் போதும். நீதிபதியின் கண் விலகிய இடத்தில், பங்குதாரரின் கண் விழித்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

மூலதனக் குறைப்பில் வேறொரு வகையும் உண்டு. அதில் குறைக்கும் தொகையைப் பங்குதாரர் சிலருக்குப் பணமாகவே கொடுத்து, அவர்களுடைய பங்குகளை ஒழித்துவிடுவர். சாக்கலேட்டுக்குப் பெயர்பெற்ற கட்பரி இந்தியா கம்பனி, தன்னிடம் எஞ்சியிருந்த சிறு பங்குதாரரை இவ்வழியால் விலக்க முனைந்தது. முதலில் முன்வைத்த விலை பங்கொன்றுக்கு 1,340 இந்திய ரூபா. பங்குதாரர் சிலர் அவ்விலையை ஏற்காது வழக்காடினர். நீதிமன்றம் மதிப்பீட்டாளரை நியமித்து ஆராய்ந்தது. ஈற்றில் 2014-ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2,014 ரூபா 50 சதம் என்னும் விலையில் அத்திட்டத்தை அங்கீகரித்தது. வெளியேறுவதை அவர்களால் தடுக்க இயலவில்லை. ஆயினும் வெறுமனே கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் விலையைவிட அரைப்பங்கு அதிகமாகவே பெற்றனர்.

இப்பொழுது, அக்கரப்பத்தனை போன்ற தோட்டப் பகுதிக்கே சிறப்பாக உரிய ஒரு நுட்பத்தைக் கூற விரும்புகிறேன். கொழும்பில் வாழும் முதலீட்டாளர் கம்பனியில் பங்குதாரர் மட்டுமே. தோட்டத் தொழிலாளியோ பங்குதாரர். அதே வேளையில் கடன்கொடுத்தவரும் ஆவார். எவ்வாறெனில், 1983-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் சேவை செய்த நாட்சம்பளத் தொழிலாளி விலகும்போது, ஒவ்வோராண்டுச் சேவைக்கும் 14 நாட் சம்பளம் பெற உரியவர். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு அது 420 நாட் சம்பளம். அத்தொகை கைக்கு வரும்வரை, அது கம்பனி அவருக்குத் தீர்க்க வேண்டிய கடன். ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய பணமும் அவ்வாறே.

மூலதனம் என்பது கடன்கொடுத்தவருக்கு ஒரு தலையணை போன்றது. கம்பனி சரிந்தால் முதலில் நட்டப்படுவது பங்குதாரரின் பணம். அதன் பின்னரே கடன்கொடுத்தவரின் பணம். ஏட்டில் மூலதனம் உயர்ந்து நிற்கும்வரை, இலாபத்தைப் பங்கிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அது கம்பனிக்குள்ளேயே தங்கும். மூலதனத்தைக் குறைத்தவுடன் அந்தக் கதவு திறக்கிறது. இலாபம் பகிரப்பட்டால், நூறு பங்கு வைத்திருக்கும் தொழிலாளிக்கு ஒரு சிறு காசோலை வரும். பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவருக்குப் பெருந்தொகை போகும். அப்பணம் போன பின்னர் பணிக்கொடை கொடுக்கக் கம்பனியிடம் போதிய பணம் இராவிட்டால், தொழிலாளி ஒரு கையால் பெற்றது சிறிது, மறு கையால் இழந்தது பெரிது என்றாகும். ஆதலால் தோட்டத்திலுள்ள பங்குதாரர், 'எனக்குப் பங்கிலாபம் வருமா?' என்று மட்டும் வினவுவது போதாது. 'எனக்கும் என் அயலாருக்கும் சேர வேண்டிய பணிக்கொடைக்கு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறதா? நிலுவை எவ்வளவு?' என்றும் வினவுதல் வேண்டும். நிலமோ கம்பனியின் சொந்தமன்று. குத்தகையும் 2045-இல் முடிவடைகிறது. எனவே, கம்பனியின் சொத்து எவ்வளவு என்று பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியும் மலை முழுவதையும் அதன் உடைமையாக எண்ணிவிடலாகாது.

வாக்கினால் என்ன செய்ய முடியும் என்று சிலர் சலித்துக்கொள்வர். கணக்கைப் பார்ப்போம். மூலதனக் குறைப்புக்கு விசேட தீர்மானம் வேண்டும். அதாவது அளிக்கப்படும் வாக்குகளில் நூற்றுக்கு 75 ஆதரவாக இருத்தல் வேண்டும். பெரும் பங்குதாரரிடம் 51 உள்ளது. எல்லோரும் வாக்களித்தால் அவர் இன்னும் 24-ஐத் தேடியாக வேண்டும். ஆனால் மற்றவர்களில் பலர் வராமலே இருந்து, எதிர்த்தவர் 10 பேர்தாம் என்றால், 61-இல் 51 என்பது நூற்றுக்கு 83-க்கு மேல், தீர்மானம் நிறைவேறிவிடும். எதிர்ப்பு 17-ஐத் தாண்டினால் மட்டுமே அது தோற்கும். இதனால் விளங்குவன இரண்டு. தொழிலாளரின் பத்து சதவீதம் முழுவதும் ஒன்றுபட்டாலும் தனியாகத் தடுக்க முடியாது. அவர்கள் வேறு சிறு பங்குதாரரோடும் சேர வேண்டும். கூட்டத்துக்குப் போகாதவர் நடுநிலை வகிப்பதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் பெரியவரின் விகிதத்தை உயர்த்திவிடுகிறார்.

கொழும்புக்குப் பயணம் செய்ய ஒருநாள் சம்பளத்தை இழக்க வேண்டுமே என்றால், அதற்கும் வழி உண்டு. பதிலாள் படிவத்தில் நம்பிக்கையான ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டு, வழக்கமாகக் கூட்டத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் கம்பனியிடம் சேர்ப்பித்தால் போதும். பல குடும்பங்கள் சேர்ந்து ஒருவரையே அனுப்பலாம். வெற்றுப் படிவத்தில் மட்டும் கையொப்பமிடலாகாது. தீர்மானத்துக்கு ஆதரவா எதிரா என்பதைத் தாமே குறித்த பின்னரே ஒப்பமிட வேண்டும்.

முகவரி மாறியிருந்தால் கம்பனியின் செயலாளருக்கு அறிவிப்பதும், பங்குதாரர் இறந்துவிட்டிருந்தால் உரிமையை வாரிசுகளின் பெயருக்கு மாற்றுவதும் இன்றியமையாதவை. பழைய காகிதப் பத்திரம் வைத்திருப்பவர், அதனைத் தரகர் வாயிலாக மத்திய வைப்பகக் கணக்கில் சேர்த்தாலன்றிச் சந்தையில் விற்க இயலாது என்பதையும் நினைவில் கொள்க.

ஆகவே அத்தகைய உறை வரும்பொழுது, பின்வரும் வினாக்களை அதன்மீதே எழுதி வைத்துக்கொண்டு படிப்பது நன்று. மாறுவது எண்ணிக்கையா, ஏட்டுக் கணக்கா, அல்லது பணம் வெளியே போகிறதா? உதிரிக்கு என்ன ஏற்பாடு? இதைத் தொடர்ந்து புதிய பங்கு வெளியீடு உண்டா, யாருக்கு, என்ன விலைக்கு? நட்டம் நின்றுவிட்டதா, நீள்கிறதா? பணிக்கொடையும் சேமலாபமும் பத்திரமாக உள்ளனவா? இந்த ஐந்துக்கும் தெளிவான விடை இருக்குமாயின், தீர்மானத்தை ஆதரிக்கத் தயங்க வேண்டியதில்லை. விடை மழுப்பலாயின், எழுந்து நின்று கேட்கும் உரிமை நூறு பங்கு உடையவருக்கும் உண்டு.

சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் அதனை ஒதுக்கிவிட வேண்டாம். தோட்டங்களில் வணிகமும் கணக்கியலும் கற்கும் பிள்ளைகள் இன்று பலர் உளர். ஹோல்புரூக்கிலும் டயகமவிலும் அவர்களைக் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் நாலு வீட்டார் கூடியிருந்து படிக்கச் செய்யலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. பெரும் பங்குதாரர் தம் வாக்கை அளந்தே போடுகிறார். அக்கரப்பத்தனையில் நூறு பங்கு வைத்திருப்பவரும் அவ்வாறே அளந்து போடட்டும்.